எருக்கு நிற்கும் வாசல்

ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாடுகள் தின்று தின்று சலித்துப்போய், கடைசியில் மோந்துகூடப் பார்க்காமல் நடந்தன. பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகப் புளித்த வாடை வந்தது. அந்த வாரம்தான் என் மகள் ராதா போன் செய்தாள்.

அவளாகவே செய்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதும் நான்தான் செய்வேன். "மாடு கறக்கறேன், அப்பறம் பேசறேம்ப்பா" என்பாள். அந்த அப்புறம் வருவதற்குள் மாடு மறுபடி கறவைக்கு நிற்கும்...

ராதாவைக் கல்லாவியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நிலம், மாடு, மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் — கை ஓயாத குடும்பம். ஓசூருக்கு வருவதென்றால் கிருஷ்ணகிரியில் பஸ் மாற வேண்டும், அரை நாள் போய்விடும். அதனால் பொங்கலுக்கு ஒரு தடவை வருவாள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு தடவை வருவாள். அவ்வளவுதான்.

"ப்பா, நம்ம வாசல்ல எருக்கஞ்செடி வளக்கறியாமே?"

"யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. வளக்கறியா, இல்லியா?"

"செடி வளக்கறது ஒரு குத்தமா?"

"ரோசா வெய்யி. செம்பருத்தி வெய்யி. யாராச்சும் வேணான்னாங்களா? எருக்கு எங்க மொளைக்கும்? ஆள் இல்லாத வூட்ல மொளைக்கும். வெள்ளெருக்கா இருந்தாலாச்சும் சாமி செடின்னு சொல்லிக்கலாம். இதைக் கொண்டாந்து நட்டு, தண்ணியும் ஊத்தறியே... உனக்கு என்னா ஆச்சு?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"புடுங்கிப் போடு. போட்டாத்தான் இந்த வருசம் சதுர்த்திக்கு வருவேன். பசங்களைக் கூட்டிக்கிட்டு அந்தச் செடியைத் தாண்டி நான் உள்ள வரமாட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னோடு இருக்கிறவர்களுக்கு என் வீடு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், லேஅவுட்டின் இரண்டாவது தெருவில் இருக்கிறேன். கம்பெனியில் லோடு ஏற்றி இறக்கின காசில் கட்டின வீடு. ஷிப்டு முடிந்து வந்து நான் மண் குழைப்பேன், என் சம்சாரம் மாதம்மா கல் எடுத்துக் கொடுப்பாள். மாதம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டாள். இப்போது வீட்டில் நான் ஒருத்தன். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்பதால் இதையெல்லாம் போனில் பேசி அனுப்புகிறேன். பத்திரிகை ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் எழுத்தாக்கிப் போடுகிறார். நான் இருமினதை மட்டும் விட்டுவிடுகிறார்.

எருக்கு எப்படி வாசலுக்கு வந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால் பார்க்குக்குப் போக வேண்டும்.

எங்கள் லேஅவுட்டில் ஒரு பார்க் இருக்கிறது. புல், குரோட்டன்ஸ், சிமெண்ட் பெஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பத்துப் பேர் தொப்பி போட்டுக்கொண்டு சுவரோரமாகக் குழி தோண்டினார்கள். என்ன நடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் ஆவாரை, துத்தி, தும்பை! நாங்கள் காட்டில் மிதித்துக்கொண்டு நடந்த செடிகள். இங்கே அதற்கு வேலி, அதற்குப் பெயர்ப் பலகை, அதற்கு ஒரு போட்டோ.

"ஏம்மா, களையைப் புடுங்குவாங்க. நீங்க நடறீங்களா?" என்று கேட்டேன்.

ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர்தான் சுதா. கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர், திருநெல்வேலிப் பக்கம். "களை இல்லைங்கய்யா. தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் இது சாப்பாடு. இந்த குரோட்டன்ஸ வச்சிக்கிட்டு அதுக என்ன செய்யும்? பாத்துட்டுப் பட்டினியாப் போவும்" என்றார்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. பார்த்துவிட்டுப் பட்டினியாகப் போவது... நான் தினமும் சாயந்திரம் ஹோட்டல் வழியாகத்தான் நடக்கிறேன்.

அன்றையிலிருந்து நானும் அந்தச் செடி குரூப்பில் ஆள். எனக்குத் தண்ணீர் கேன் டிபார்ட்மெண்ட். இதில் எனக்கு என்ன லாபம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருத்தர், "சாப்ட்டீங்களாய்யா?" என்று கேட்பார்கள். மற்ற நாட்களில் அந்தக் கேள்வி கிடையாது.

ஆரஞ்சு நிறத்தில் இறக்கை, ஓரத்தில் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு — அப்படி ஒரு பட்டாம்பூச்சி எங்கள் பக்கம் நிறையப் பறக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூவில் தேன் குடிக்க அது எங்கே வேண்டுமானாலும் போகும். முட்டை வைக்க மட்டும் எருக்குக்குத்தான் வரும். அதன் புழுவுக்கு எருக்க இலை மாதிரி பாலுள்ள இலைதான் ஆகாரம். வேறு எந்த இலையைக் கொடுத்தாலும் வாய் வைக்காது. சுதா சொன்னார். அதனால் பார்க்கில் எருக்கு வைக்க வேண்டும் என்று குரூப்பில் முடிவானது.

லேஅவுட் சங்கத்தார் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றார்கள். அது நியாயம். ஆனால் நிஜமான காரணம் அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்கைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு எதிரில் எருக்கா? தமிழில் எருக்கு, தெலுங்கில் ஜில்லேடு, கன்னடத்தில் எக்க. எங்கள் தெருவில் மூன்று பாஷையும் புழங்குகிறது. தண்ணீர் லாரிக்கு யார் முன்னால் நிற்பது என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று பாஷைக்காரர்களும் இதில் மட்டும் ஒரே கட்சி.

கவரில் வளர்த்த எருக்கங்கன்றுகளைச் சுற்றி எல்லோரும் நின்றோம். யார் எடுத்துக்கொள்வது? குரூப்பில் எல்லோரும் வாடகை வீட்டுக்காரர்கள். மூன்றாவது மாடி, நாலாவது மாடி. சொந்த வாசல் உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

"எனக்குக் குடுங்க. எங்க வூட்ல இனிமே பாழாப் போறதுக்கு என்னா இருக்குது?" என்றேன்.

தமாஷாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சுதா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

எருக்கு நன்றியுள்ள செடி. மழையைக் கேட்காது, உரத்தைக் கேட்காது. கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டுக்கு வெளியே, பொங்கலுக்கு ராதா வந்துபோன பிறகு வைத்தது, ஆறே மாதத்தில் என் மார் உயரம் வந்துவிட்டது. ஊதாப் பூ கொத்துக் கொத்தாக.

செடி உயர உயர, வருகிற ஆள் குறைந்தது. எதிர்வீட்டுக் கமலம்மா — மாலூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுகிறவர் — வாரத்துக்கு ஒரு தடவை ரோட்டைத் தாண்டி வந்து கறிவேப்பிலை கொடுப்பார். அது நின்றது. பால் போடுகிறவன் பாக்கெட்டை கேட்டில் மாட்டாமல் காம்பவுண்டின் அந்தக் கோடியில் வைத்துவிட்டுப் போகிறான். வாக்கிங் போகிறவர்கள் என் வீடு வந்ததும் எதிர் ஓரத்துக்குப் போய், தாண்டினதும் இந்தப் பக்கம் வருகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஆனால் புழு வந்தது.

ஆவணிக்குச் சற்று முன்னால் ஒரு காலையில் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக, ஸ்வெட்டர் போட்ட மாதிரி. இலையின் ஓரத்திலிருந்து வளைவாக அறுத்துக்கொண்டே போகும். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. நான் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு பார்ப்பேன். காபி ஆறிவிடும். அவைகளோடு பேசினேனா? பேசினேன். வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த நேரத்தில்தான் ராதாவின் போன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் சுதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நடவு வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"புடுங்கிருங்கய்யா. பொண்ணு வாரதுதான் முக்கியம்."

"புழு இருக்குதேம்மா."

"எடுக்க முடிஞ்சத எடுத்துட்டுப் போயி ஏரிக்கரை எருக்குல விடுதோம். பாதி பிழைக்கும். அதுக்கு என்ன செய்ய? நீங்க மனசுல வச்சிக்கிடாதீங்க."

பாருங்கள், புடுங்காதே என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். அவர்கள் மேல் பழியைப் போட்டிருப்பேன். அந்தப் பெண் என்னைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டார். இனி என்ன செய்தாலும் அது நான் செய்தது.

அன்று சாயந்திரம் ராதாவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு வாரம் டைம் குடு ராதா. அதுங்க கூடு கட்டிப் பறந்துடும். அப்பறம் வெட்டிடறேன்."

"பூச்சிக்கு டைம் குடுக்கற. எனக்கு?"

"பண்டிகைக்கு நீ வா. செடி ஓரமாத்தான நிக்குது? உன்னை என்னா பண்ணுது?"

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு சொன்னாள்: "அம்மா போயிட்டாங்க. நீ ஒருத்தன்தான் அங்க இருக்கற. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா ஓசூருக்கு நான் எதுக்கு வருவேன்? எந்த வூட்டுக்கு வருவேன்? அந்தச் செடியை நெனைச்சா எனக்குச் சோறு எறங்கலப்பா. உனக்கு வெளையாட்டா இருக்குது."

அதுவரை அவள் ஊருக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். எனக்காகப் பயப்படுகிறாள் என்று தோன்றவே இல்லை. நமக்காக ஒருத்தர் பயப்பட்டு எத்தனை நாளாயிற்று...

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்தேன். செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினேன். எதிரில் கமலம்மா கோலப் பொடியை வைத்துக்கொண்டு அப்படியே நின்று பார்த்தார். நான் அடித்தண்டைப் பிடித்தேன். பால் கையில் ஒட்டியது. கண்ணுக்கு நேராக ஒரு இலை, அதில் ஒரு புழு. செடி ஆடினதும் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. ஆட்டம் நின்றதும் மறுபடி தின்னத் தொடங்கியது.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ராதா வருவாள். கொழுக்கட்டை செய்வாள். பிள்ளைகள் டிவி போடுவார்கள். சாயந்திரம் மாட்டை நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவாள். பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருவேன். மறுநாள் காலையில் இதே நாற்காலியைப் போட்டு உட்காருவேன். எதைப் பார்த்துக்கொண்டு?

கிளறின மண்ணைக் காலால் தள்ளி மூடினேன்.

"ஏன், புடுங்கலியா?" என்று எதிரிலிருந்து கமலம்மா கேட்டார்.

"வேரு ஆழத்துக்குப் போயிருக்குதும்மா. வரமாட்டேங்குது."

"சுள்ளு" என்று சொல்லிவிட்டுக் கோலத்தைப் போடக் குனிந்தார். கன்னடத்தில் பொய் என்று அர்த்தம்.

சதுர்த்தி வந்தது.

விடிந்தும் விடியாமலும் கேட்டைத் தட்டுகிற சத்தம். ராதாதான் மனசு மாறி முதல் நாளே கிளம்பிவிட்டாளோ என்று வேட்டியை முடிந்துகொண்டு ஓடினேன். கடைசி வீட்டு மெக்கானிக் முருகேசன் நின்றான். கையில் பிளாஸ்டிக் கூடை.

"ஐயா, பிள்ளையாருக்கு மாலை கட்டணும். கொஞ்சம் எருக்கம்பூ..."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. வருஷத்தில் இந்த ஒரு நாள், எருக்கு இல்லாமல் எந்த வீட்டிலும் பூஜை இல்லையே! பிள்ளையாருக்கு அதுதானே மாலை? நானே போன வருஷம் வரை ஏரிக்கரைக்குப் போய்ப் பறித்து வந்தவன்தான்.

"எடுத்துக்கோ. இலையில மட்டும் கை வெக்காத."

"ஏன், இலைக்கு எதுனா வேண்டுதலா?"

"புழு இருக்குது."

"ஓ, புழுவுக்கு வாட்ச்மேனா? சம்பளம் எவ்ளோ?"

"ரெண்டு வேளை காபி. அதையும் நானே போட்டுக்கறேன்."

முருகேசன் போய்த் தெருவில் சொல்லியிருப்பான். வந்தார்கள் பாருங்கள்... மாதம்மாவை எடுத்த அன்றைக்குப் பிறகு என் வாசலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எதிர் ஓரமாக வாக்கிங் போகிறவர்கள் வந்தார்கள். பேன்ட் சட்டையில் ஒருத்தர் ஆபீஸ் பூஜைக்கு வேண்டும் என்று வந்தார். மூலை வீட்டுத் தெலுங்குப் பாட்டி முந்தானையை விரித்துக்கொண்டு, "ஜில்லேடு ஒரு புடி போடு நைனா" என்றாள். என் பெயரைக்கூடத் தெரியாதவர்கள் ஐயா என்றார்கள், தாத்தா என்றார்கள், அங்கிள் என்றார்கள். நான் செடிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு, "பூவை எடு, இலையை விடு" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு பேசிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

கடைசியாகக் கமலம்மா வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ரோட்டைத் தாண்டினார். தலைக்குக் குளித்து, ஈரத் துணி சுற்றிய தலையோடு. சொல்லாமலே இலையை ஒதுக்கிவிட்டுப் பூவை மட்டும் கிள்ளினார். ஒரு புழுவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு வேறு கொத்துக்குப் போனார்.

"ஹப்ப ஆகட்டும். அப்பறம் கித்தாக்கிடுங்க" என்றார். பண்டிகை முடிந்ததும் பிடுங்கிப் போடச் சொல்கிறார்.

"ஆகட்டும்மா."

"மகளு வரலியா?"

"வருவா. பஸ் கூட்டமா இருக்கும், லேட்டாவும்."

அன்றைக்கு அவர் சுள்ளு என்று சொல்லவில்லை.

வெயில் ஏறுவதற்குள் தெரு காலியாகிவிட்டது. செடியில் ஒரு பூ இல்லை. வீட்டுக்கு வீடு மணி அடிக்கிற சத்தம். எல்லா வீட்டிலும் என் செடியின் பூ இருக்கிறது, பிள்ளையார் கழுத்தில். என் வீட்டுப் பிள்ளையாருக்கு எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

நமக்கு வேண்டியது பூ. செடி மட்டும் அடுத்தவன் வாசலில் இருக்க வேண்டும். செடியில் மட்டும்தான் இப்படியா? பெற்றவர்களை... வேண்டாம், இது என் மகள் காதுக்குப் போனால் அதற்கு ஒரு போன் வரும். அவள் அப்படிப்பட்டவளும் இல்லை.

பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்துக் கும்பிட்டேன். ராதாவுக்குப் பிடிக்கும் என்று முதல் நாளே ஊறப்போட்ட கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினேன். பிள்ளைகளுக்கும் சேர்த்து ஊறப்போட்டிருந்தேன். மத்தியானம் சுண்டல். சாயந்திரமும் சுண்டல். மறுநாள் காலையிலும் அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வந்தது.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. செடி இருக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம். கல்லாவியிலிருந்து எட்டிப் பார்க்கவா போகிறாள்?

"இருக்குது" என்றேன்.

அவள் திட்டவில்லை. வைக்கவும் இல்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். பின்னால் யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இன்று வரை பேச்சில்லை. நான் செய்தால் பெரிய பேரன் எடுத்து, "அம்மா தோட்டத்துக்குப் போயிருக்குது தாத்தா" என்கிறான்.

இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறேன் என்று கோபம். அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். கல்லாவிப் பக்கம், ஊத்தங்கரைப் பக்கம் யாராவது இருந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. இலைக்கு அடியில் பச்சையாகத் தொங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் தங்கப் பொட்டு வைத்திருக்கிறது, நகை செய்கிற தட்டான் வைத்த மாதிரி. ஒன்று பறந்து போனால் அடுத்தது தொங்குகிறது. எப்போது வந்தாலும் ஒன்றாவது இருக்கும். கூட்டைக் கிழித்துக்கொண்டு பட்டாம்பூச்சி வெளியே வருவது அநேகமாக விடிகிற நேரத்தில்தான். இறக்கை காய்ந்ததும் போய்விடும், நமக்காக நிற்காது. கல்லாவியில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் இங்கே வந்து சேர வெயில் ஏறிவிடும்.

ஆகவே அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாள் சாயந்திரமே வந்து, ராத்திரி இங்கே தங்கினால்தான் ஆகும். ராதாவைப் பார்த்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.